உயரம் தாண்டுகிறவனுக்கு மெத்தை போடுவது யார்?

திருத்தணி மலைக்கு 365 படிகள். கிருத்திகைக்குக் காவடி ஏறும் அதே படிகளில், மற்ற நாட்களின் விடியற்காலையில் இளைஞர்கள் ஓடி ஏறுகிறார்கள். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள். மேலே முருகனை ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வியர்வை காய்வதற்குள் இறங்கி மைதானத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் போன அன்று மைதானத்தின் ஓரத்தில் மூன்று பையன்கள் உயரம் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூங்கில் கழி, ஒரு கயிறு, மண்வெட்டியால் கொத்திவிட்ட மணல். அவ்வளவுதான் சாமான். பக்கவாட்டில் ஓடிவந்து, கத்தரிக்கோல் விரிகிற மாதிரி ஒரு காலை வீசி, பின்னாலேயே மறு காலையும் வீசித் தாண்டினார்கள். நின்ற நிலையிலேயே மணலில் இறங்கினார்கள். டி.வி.யில் காட்டுகிற மாதிரி முதுகைக் கொடுத்து ஏன் தாண்டவில்லை என்று கேட்டேன். “மணல்ல முதுகு அடிச்சா எந்திரிக்க முடியாது சார். மெத்தை இருந்தா தாண்டலாம்” என்றான் ஒருவன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பையனின் பதிலில் இருக்கிறது. ஒருவன் எப்படித் தாண்டுவது, எவ்வளவு உயரம் தாண்டுவது என்பதை அவன் கால்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. மெத்தைக்குப் பணம் போட்டவரும் தீர்மானிக்கிறார்.

முதுகைக் கொடுத்துத் தாண்டும் முறையை உலகுக்குக் காட்டியவர் டிக் ஃபாஸ்பரி. அமெரிக்காவின் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். மணல் குழிகளும் மரத்தூள் குழிகளும் போய் நுரை மெத்தைகள் வரத் தொடங்கிய காலம் அது. மெத்தை வராமல் அந்தத் தாண்டல் வந்திருக்காது. இன்று உலகமே அவர் முறையில்தான் தாண்டுகிறது. அப்படிப்பட்டவரை உருவாக்கிய அதே பல்கலைக்கழகம், 1988-ல் பணம் போதவில்லை என்று தடகளப் பிரிவையே மூடியது. ஃபுட்பால் அணியை மூடவில்லை.

அந்த மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018-ல், அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் அதே 2.24 மீட்டரைத் தாண்டி முதலிடம் பிடித்தவர் நம்ம ஆள்: தேஜஸ்வின் சங்கர். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2017-ல் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு உதவித்தொகையில் போய்ச் சேர்ந்தார். 2018-ல் 2.29 மீட்டர் தாண்டி தேசிய சாதனை. 2022-ல் மீண்டும் கல்லூரி சாம்பியன். அதே ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் முதலில் அவர் பெயர் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் போய், உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் காமன்வெல்த் பதக்கத்தைக் கொண்டுவந்தார். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் டெகாத்லானில் வெள்ளி.

அவர் படித்த காலத்தில் அந்த மெத்தைக்கும், பயிற்சியாளர் சம்பளத்துக்கும், அவர் சாப்பாட்டுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? உயரம் தாண்டுவதைப் பார்க்க அமெரிக்காவிலும் டிக்கெட் வாங்கி யாரும் வரிசையில் நிற்பதில்லை. கன்சாஸ் ஸ்டேட் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறைக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு ஃபுட்பால் கொண்டுவருவது. அடுத்தபடியாக ஆண்கள் கூடைப்பந்து. நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம் எல்லாம் அந்த அடுப்பில் சமைத்த சோற்றைத்தான் சாப்பிடுகின்றன. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1995-ல் கல்லூரி இரட்டையர் பட்டம் வென்றதும், சென்னையில் டென்னிஸ் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆண்டுகளில் ஒற்றையர் பட்டம் வென்றதும் இதே ஏற்பாட்டின் பலன்தான்.

அந்த அடுப்பில் இப்போது பங்கு பிரிக்கிறார்கள்.

சனிக்கிழமைப் பணம்

முதலில் ஒரு விளக்கம். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதிக்கொள்ளும் ஆட்டம். இலையுதிர் காலம் வந்தால் சனிக்கிழமைதோறும் கல்லூரி ஊர்களில் தேர்த் திருவிழாதான். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம்.

கல்லூரி விளையாட்டுகளைக் கட்டி ஆளும் அமைப்புக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். எந்தக் கல்லூரி ஆட்டம் எத்தனை முறை டி.வி.யில் வரலாம் என்பதை ஒரு காலத்தில் அதுதான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், இரண்டு பேர் மறு பக்கமாக, அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. மாற்றுக் கருத்து எழுதிய பைரன் வொயிட் இளவயதில் கல்லூரி ஃபுட்பாலில் பெயர் பெற்ற நட்சத்திரம். கல்வியின் அங்கமாக இருக்கும் விளையாட்டை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். ஆடியவருக்கு ஆபத்து தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அன்று மடை திறந்தது. பல்கலைக்கழகங்கள் வட்டாரக் கூட்டணிகளாகச் சேர்ந்து ஆடுவது அங்கே பழைய வழக்கம். அந்தக் கூட்டணிகளே டி.வி. நிறுவனங்களோடு நேரடியாகப் பேரம் பேசத் தொடங்கின. 2022-ல் ‘பிக் டென்’ கூட்டணி ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல். டாலர், ரூபாய் இல்லை. ஃபுட்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்ட ஆட்டங்களுக்கு மட்டும் இ.எஸ்.பி.என். ஆண்டுக்கு 130 கோடி டாலர் தருகிறது.

இவ்வளவு பணம் கொட்டினால் யாருக்குத்தான் ஊர் நினைவு இருக்கும்? பசிபிக் கரையில் நூறாண்டுக்கு மேல் வேர்விட்ட ‘பேக்-12’ கூட்டணி 2024-ல் சிதறிப்போனது. பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் அதிகப் பணம் தரும் கூட்டணிகளுக்குப் போய்விட்டன. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் யு.சி.எல்.ஏ. இப்போது நாட்டின் மறுகோடியில் நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸோடு ஒரே கூட்டணியில். பசிபிக் கடலோர மாநிலத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்திருப்பது ‘அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணி’ என்று பெயர் உள்ள ஒன்றில். நடுத்தெருவில் விடப்பட்ட இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று வாஷிங்டன் ஸ்டேட். மற்றொன்று ஓரிகன் ஸ்டேட், டிக் ஃபாஸ்பரியின் கல்லூரி.

ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆடும். தனி விமானத்தில் போய்விட்டு வந்துவிடும். கைப்பந்து ஆடும் பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம் உண்டு. அவள் புதன்கிழமை வகுப்பை விட்டுவிட்டுக் கண்டத்தைக் கடந்து பறக்க வேண்டும். அவளுக்காக யாரும் இந்தக் கூட்டணியை மாற்றவில்லை. ஃபுட்பாலுக்காக மாற்றினார்கள், அதில் அவளையும் சேர்த்து இழுத்துப் போகிறார்கள். திருத்தணி கல்லூரியின் கபடி அணி, லீக் ஆட்டத்துக்கு வாராவாரம் குவாஹாட்டி போய்வருவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஆடுகிறவனுக்குக் கூலி

ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை கோடி புரண்டபோதும் ஆடிய மாணவர்களுக்கு நெடுங்காலம் கிடைத்தது படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும்தான். 2023-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளரை ஒப்பந்தம் முடிவதற்குள் அனுப்பியது. அதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல், நம் பணத்தில் 600 கோடி ரூபாயைத் தாண்டும். மைதானத்தில் எலும்பு முறிந்து கிடந்த மாணவனுக்குச் சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. இது சுரண்டல்தான். வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அநீதியை நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக உடைத்தன. 2021-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து மாணவர் பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு ஜூலையில், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூன் 6-ம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். கடந்த காலத்துக்கு நிவாரணமாக முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு சுமார் 280 கோடி டாலர். 2025 ஜூலை 1 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை யார் கைக்குப் போகிறது? பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஃபுட்பால் வீரர்களுக்கு. அடுத்தது ஆண்கள் கூடைப்பந்து. மிச்சத்தில்தான் மற்ற எல்லோரும். இந்தப் புதுச் செலவுக்குப் பணம் வானத்திலிருந்து விழாது. 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியையும் டைவிங் அணியையும் நிறுத்தியது. இந்தச் சமரசம் கொண்டுவரப்போகும் பண நெருக்கடி அது சொன்ன காரணங்களில் ஒன்று. ஸ்டான்ஃபோர்டு போன்ற செல்வந்த நிறுவனமே 2020-ல் பதினொரு விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய மாணவர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் 2021-ல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. எல்லா அணிக்கும் அப்படிச் சண்டை போடப் பழைய மாணவர்கள் இருப்பார்களா?

கல்லூரிகளில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்று 1972-ல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டத்தால்தான் அமெரிக்கப் பெண்கள் ஒலிம்பிக்கில் இவ்வளவு பதக்கம் குவிக்கிறார்கள். வீரர்களுக்குத் தரும் இந்தப் பணத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்துமா என்ற வழக்காடல் தொடங்கிவிட்டது. ஃபுட்பாலை மட்டும் தனி லீகாகப் பிரித்துவிட்டு, மற்ற விளையாட்டுகளைப் பழையபடி பக்கத்து ஊர்க் கல்லூரிகளோடு ஆடவிடலாம் என்ற யோசனையும் இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு: பிரிந்து போகும் ஃபுட்பால், வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பதை விதியாக எழுதிவிட வேண்டும். இதுவரை அங்கே உயரம் தாண்டுகிறவனுக்குச் சோறு கிடைத்தது வழக்கத்தால்தான், சட்டத்தால் அல்ல. வழக்கத்தைப் பணம் ஒரே ஆண்டில் மாற்றிவிடும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நம் ஊர்க் கணக்கு

நம்மிடம் அப்படிப் பணமே இல்லையே, நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம்.

இந்தியக் கால்பந்தின் கணக்கைப் பாருங்கள். 2010-ல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்குப் பதினைந்து ஆண்டுக்குக் கொடுத்தது. தொகை 700 கோடி ரூபாய். அங்கே ஒரு கூட்டணிக்கு ஏழு ஆண்டில் 700 கோடி டாலர். இங்கே ஒரு தேசத்துக்குப் பதினைந்து ஆண்டில் 700 கோடி ரூபாய். 2025 டிசம்பரில் முடியவேண்டிய அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு முறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. உட்பட கிளப்புகள் தடுமாறின. வியாசர்பாடியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் குமரிக் கடற்கரையிலிருந்தும் இந்த லீக்கை நம்பிக் கிளம்பிய பிள்ளைகளின் பிழைப்பு ஒரே ஒரு காகிதத்தில் தொங்கியது. ஒற்றைக் குழாயை நம்பியிருந்தால் அது அடைபடும் நாளில் ஊருக்கே தண்ணீர் இல்லை.

பணம் இருக்கும் விளையாட்டு இங்கே கிரிக்கெட். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அதில் கல்லூரி மைதானத்துக்கு ஒரு மெத்தை வாங்கித் தர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அமெரிக்க ஃபுட்பால் எத்தனை குறை உள்ளதாக இருந்தாலும், அரை நூற்றாண்டுக்கு மேல் உயரம் தாண்டுகிறவனையும் நீந்துகிறவளையும் கூடவே உட்காரவைத்துச் சாப்பிட்டது. நம் கிரிக்கெட்டுக்கு அப்படிப் பந்தி விரித்த பழக்கமே இல்லை.

நம் கல்லூரி விளையாட்டில் வேறு வகைப் பணம் வந்துகொண்டிருக்கிறது. சிறந்த விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை தரப்படுகிறது. பஞ்சாப் பல்கலைக்கழகம், குருநானக் தேவ் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள்தான் அதை மாறி மாறி வாங்கிவந்தன. 2024-ம் ஆண்டுக்கான கோப்பை சண்டிகர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அது தனியார். கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளிலும் 2022-ல் பெங்களூரு ஜெயின், 2024-ல் சண்டிகர் எனத் தனியார் பல்கலைக்கழகங்கள் முதலிடம் பிடித்தன. அவர்களுக்கு டி.வி. உரிமைப் பணம் இல்லை. மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் போட ஒரு பதக்கம் வேண்டும். அதற்காகக் கட்டணத்தை ரத்துசெய்து, தங்குமிடம் தந்து, நல்ல வீரர்களை எடுத்துக்கொள்கிறார்கள்.

அதில் தவறு இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வாசல். நம் சென்னைக் கல்லூரிகள் பலவும் கைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் கபடிக்கும் நெடுங்காலமாக இதைச் செய்துவருகின்றன. என் கவலை பின்னால் நிற்கிறவர்களைப் பற்றியது. ஜெயித்து முடித்தவர்களை மட்டும் பெரிய கல்லூரி எடுத்துக்கொண்டால், ஜெயிக்கக்கூடியவர்களைத் தயார்செய்வது யார்? திருத்தணி மாதிரி ஊர்களின் அரசுப் பள்ளியும் அரசுக் கலைக் கல்லூரியும்தான். விதை நெல்லை இவர்கள் காக்க வேண்டும். அறுவடை வேறு களத்துக்குப் போகும்.

திருத்தணிப் பையன்களுக்கு விளையாட்டு எதைக் குறிக்கிறது என்று அவர்களோடு பேசினால் தெரியும். அவர்கள் பேச்சில் அடிக்கடி வருவது மெடல் அல்ல, ‘ஃபார்ம் த்ரீ’. பல்கலைக்கழக அணிக்காக ஆடியவருக்குத் தரப்படும் படிவம் 3 சான்றிதழ். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும். பொறியியல் படிப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. அந்தத் தாளுக்காகத்தான் பையன்கள் ஸ்பைக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு முதல் மின்சார ரயிலைப் பிடித்து, அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போய், செயற்கை ஓடுதளத்தில் இரண்டு மணி நேரம் பழகிவிட்டுத் திரும்புகிறார்கள். மெத்தையை அவர்கள் முதன்முதலில் தொடுவது பெரும்பாலும் போட்டியன்றுதான். இதையும் மீறி ஒருவன் பதக்கம் வாங்கினால் அது அவனுடைய பெருமை. நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியைத் தமிழ்நாடு நடத்தி, 38 தங்கம் உட்பட 98 பதக்கங்களுடன் இரண்டாம் இடம் பிடித்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் கல்லூரி மாணவர்களுக்கும் விரிந்திருக்கின்றன. நல்ல தொடக்கம். இந்த வேகம் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல் தாலுகா வரை வர வேண்டும்.

திருத்தணி மண்ணுக்கு இதில் ஒரு தனி உரிமை இருக்கிறது. 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான், சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவர். 1949-ல் அந்தக் குழு தந்த அறிக்கையில் ஒரு பரிந்துரை: உடல்நிலை இடம்கொடுக்காதவர்களும் என்.சி.சி.யில் இருப்பவர்களும் தவிர, ஆண் பெண் எல்லா மாணவர்களுக்கும் இரண்டு ஆண்டு உடற்கல்வி கட்டாயம். எல்லா மாணவர்களுக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். விளம்பரத்துக்குப் பயன்படும் ஐம்பது பேருக்கு மட்டும் அல்ல. அவர் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இந்தப் பரிந்துரையை மறந்துவிட்டோம்.

நம் கல்லூரிகளுக்கும் ஒருநாள் பெரிய பணம் வரும். ஓ.டி.டி. நிறுவனங்கள் கபடியிலோ கால்பந்திலோ ஒரு பல்கலைக்கழக லீகைத் தொடங்கும் நாள் தொலைவில் இல்லை. வந்த பிறகு பங்கு கேட்டால் கிடைக்காது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. வருவதற்கு முன்பே அரசாணையாக எழுதி வைக்க வேண்டும்: எந்தக் கல்லூரி விளையாட்டு டி.வி. பணம் ஈட்டினாலும், அதில் குறிப்பிட்ட சதவீதம் பணம் ஈட்டாத விளையாட்டுகளுக்கும், பெண்கள் அணிகளுக்கும், அரசுக் கல்லூரி மைதானங்களுக்கும் போகும் என்று. அதை இப்போது எழுதினால் எதிர்க்க ஆள் இல்லை. பிறகு எழுதினால் வழக்கறிஞர்கள் வருவார்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது சிறிய பணம். உங்கள் பிள்ளையின் கல்லூரிக் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அதில் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். தொகை சிறியது என்பதால் யாரும் கேட்பதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த வரியைப் படியுங்கள். இந்த ஆண்டு அந்தப் பணத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.